வாய் கோணினால் வண்டியைக் கூப்பிடு



குழுக் கூட்டத்தில் தவணை ஏன் நின்றது என்று கேட்டால் பல காரணங்கள் வரும். மகசூல் இல்லை, பிள்ளைக்கு ஃபீஸ் கட்டினேன், மாடு செத்துப்போச்சு. இவற்றோடு அடிக்கடி காதில் விழும் இன்னொரு பதில், “வீட்டுக்காரருக்குக் கை கால் விழுந்துடுச்சு மேடம்.” அதற்கு மேல் யாரும் எதுவும் கேட்பதில்லை. பாவம் என்று உச்சுக்கொட்டிவிட்டு, தவணையைத் தள்ளி வைத்துத் தீர்மானம் எழுதிவிட்டு அடுத்த கணக்குக்குப் போய்விடுகிறோம். அந்த ஒரு வரிக்குப் பின்னால் ஒரு பெண்ணின் கூலி வேலை நின்றிருக்கிறது, நகை அடகுக்குப் போயிருக்கிறது, சில வீடுகளில் பெண் பிள்ளையின் படிப்பும் நின்றிருக்கிறது. இந்த நோயைப் பற்றி நாம் தெரிந்துகொள்ள வேண்டியது கொஞ்சம்தான். ஆனால் அதைத் தெரிந்த பெண் தெருவுக்கு ஒருத்தியாவது இருக்க வேண்டும்.

இந்த நோய்க்கு ஆஸ்பத்திரியில் ஸ்ட்ரோக் என்று பேர். புத்தகத்தில் பக்கவாதம். நம்ம ஊரில் வாதம் அடிச்சிருச்சு, காத்து அடிச்சிருச்சு, சில இடத்தில் முனி அறைஞ்சிருச்சு என்றுகூடச் சொல்கிறார்கள். பேர் எதுவாக இருந்தால் என்ன என்று நினைக்காதீர்கள். காத்து என்று சொன்னால் தைலம் தேய்க்கப் போவார்கள். முனி என்று சொன்னால் பூசாரியிடம் போவார்கள். புறா ரத்தம் தேய்த்தால் சரியாகும் என்று புறாவைத் தேடி அலைகிறவர்களும் உண்டு. ஸ்ட்ரோக் என்று சொன்னால்தான் ஆஸ்பத்திரிக்குப் போவார்கள். ஆகவே அந்த நேரத்தில் பக்கத்தில் நிற்கிற பெண் வாயிலிருந்து எந்த வார்த்தை வருகிறதோ, அதை வைத்துத்தான் வண்டி எந்தப் பக்கம் திரும்பும் என்பது முடிவாகிறது.

நோய் கையில் இல்லை, தலையில்

கை வரவில்லை, கால் இழுக்கவில்லை என்றதும் கையையும் காலையும்தான் பிடித்து விடுகிறோம். ஆனால் கோளாறு அங்கே இல்லை. மூளைக்குள் ரத்தம் போகிற பாதையில் கோளாறு.

காவிரிப் பாசனத்தில் வாழ்கிற நமக்கு இது எளிதாகப் புரியும். வாய்க்காலில் ஆகாயத்தாமரை மண்டி அடைத்துக்கொண்டால் கடைமடைக்குத் தண்ணீர் போகாது. பயிர் காயும். அதுபோல ரத்தக் குழாயில் ஒரு கட்டி அடைத்துக்கொண்டால் அதற்கு அந்தப் பக்கம் இருக்கிற மூளைப் பகுதி காயத் தொடங்கும். பெரும்பாலான பக்கவாதம் இந்த அடைப்பு வகைதான். இன்னொரு வகை, கரை உடைப்பு. பிரஷர் அதிகமாகி, ரத்தக் குழாய் வெடித்து மூளைக்குள் ரத்தம் கசிந்துவிடும்.

வயல் தண்ணியில்லாமல் நாலு நாள் தாங்கும். மூளை தாங்காது. பெரிய குழாய் ஒன்று அடைபட்டால் ஒவ்வொரு நிமிஷமும் சுமார் 19 லட்சம் நரம்பணுக்கள் செத்துக்கொண்டே இருக்கும் என்று மருத்துவர்கள் கணக்குப் போட்டிருக்கிறார்கள். செத்தது திரும்ப முளைக்காது. மூளையின் இடது பக்கம் பாதித்தால் வலது கை கால் போகும், வலது பக்கம் பாதித்தால் இடது கை கால். பேச்சு பெரும்பாலும் இடது பக்க மூளையில் இருப்பதால், வலது கை விழுந்தவர்களுக்குப் பேச்சும் சேர்ந்து போவதைப் பார்த்திருப்பீர்கள்.

அடைப்பா உடைப்பா என்பதை வெளியிலிருந்து பார்த்து யாராலும் சொல்ல முடியாது. எவ்வளவு பெரிய டாக்டராலும் முடியாது. சி.டி. ஸ்கேன் எடுத்தால்தான் தெரியும். இதை நன்றாக மனதில் வைத்துக்கொள்ளுங்கள், கீழே சொல்லப்போகும் பல விஷயங்களுக்கு இதுதான் காரணம்.

சிரி, தூக்கு, சொல்லு

சந்தேகம் வந்தவுடன் மூன்று சொல்லுங்கள். முதலில், “சிரிங்க, பல்லைக் காட்டுங்க.” ஒரு பக்க வாய் தொங்கினால், கோணினால் அது அறிகுறி. அடுத்து, “கண்ணை மூடிக்கிட்டு ரெண்டு கையையும் முன்னால தூக்குங்க.” ஒரு கை தூக்க வராவிட்டாலும், தூக்கின கை தானாகக் கீழே இறங்கினாலும் அறிகுறி. மூன்றாவது, ஒரு வரியைத் திருப்பிச் சொல்லச் சொல்லுங்கள். “சம்பா நெல்லு சாக்குல இருக்கு” என்பது போல எளிதான ஒரு வரி போதும். குழறினாலோ, சம்பந்தமில்லாமல் சொன்னாலோ, சொல்லவே வராவிட்டாலோ அறிகுறி.

மூன்றும் இருக்க வேண்டும் என்று காத்திருக்காதீர்கள். ஒன்று இருந்தாலே போதும்.

இது தவிர, திடீரென்று ஒரு கண் தெரியாமல் போவது அல்லது பார்வையில் பாதி மறைவது, குடித்தவர் போலத் தள்ளாடுவது, வாழ்நாளில் வராத அளவுக்குத் தலை வெடிக்கிற வலி, இவையும் உண்டு. எல்லாவற்றிலும் ‘திடீரென்று’ என்பதுதான் முக்கியம். ஆறு மாசமாகக் கை மரத்துப்போகிறது என்பது வேறு, இப்போது கரண்டி கையிலிருந்து நழுவி விழுந்தது என்பது வேறு.

நடவு வயலில் ஒரு சிக்கல் இருக்கிறது. வரிசையாகக் குனிந்து நிற்கிறோம், யார் முகமும் யாருக்கும் தெரியாது. பேச்சு குழறினால் வாயில் வெற்றிலை இருக்கிறது என்று விட்டுவிடுவோம். தள்ளாடினால் வெயில் மயக்கம் என்போம். சந்தேகம் வந்தால் வெற்றிலையைத் துப்பச் சொல்லிவிட்டு மறுபடி பேசச் சொல்லுங்கள். நாற்று முடியைக் கீழே போட்டுவிட்டு இரண்டு கையையும் தூக்கச் சொல்லுங்கள். அரை நிமிஷ வேலை.

இன்னொன்று. சிலருக்கு வாய் கோணும், கை போகும், பத்து நிமிஷத்தில் எல்லாம் தானாகச் சரியாகிவிடும். “சாமி காப்பாத்திடுச்சு” என்று விளக்கேற்றிவிட்டு வேலைக்குப் போய்விடுவார்கள். விளக்கேற்றுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். வந்து போன வாதம் என்பது பெரிய வாதத்துக்கு முன்னால் வருகிற எச்சரிக்கை. அடுத்த இரண்டொரு நாளில்தான் ஆபத்து அதிகம்.

நாலரை மணி நேரம்

அடைப்பு வகையாக இருந்தால் கட்டியைக் கரைக்கும் ஊசி ஒன்று இருக்கிறது. அறிகுறி தொடங்கி நாலரை மணி நேரத்துக்குள் போட வேண்டும். அதற்குள்ளும் எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவு பலன். எல்லாருக்கும் போட முடியாது, போட்ட எல்லாரும் எழுந்து நடந்துவிடுவார்கள் என்றும் சொல்ல முடியாது. ஆனால் நேரம் தாண்டிப் போனவருக்கு அந்த வாய்ப்பே கிடைப்பதில்லை. பெரிய குழாய் அடைப்பாக இருந்தால் தொடை வழியாகக் கம்பி போலக் கருவியைச் செலுத்திக் கட்டியை எடுக்கும் சிகிச்சையும் இருக்கிறது. சிலருக்கு 24 மணி நேரம் வரைக்கும்கூட அதைச் செய்ய முடியும். அதனால் “நேரம் போயிடுச்சே, இனி எதுக்கு” என்றும் உட்கார்ந்துவிடக் கூடாது.

இப்போது நம் பக்கத்துக் கணக்கைப் பாருங்கள். பட்டுக்கோட்டையிலிருந்து தஞ்சாவூர் ஏறக்குறைய 50 கிலோமீட்டர். கும்பகோணத்திலிருந்து 40. வழி ஒரு மணி, ஒன்றரை மணி நேரம்தான். ஆஸ்பத்திரிக்குள் போய் ஸ்கேன் எடுக்கக் கொஞ்ச நேரம். அப்படியென்றால் நாலரை மணி நேரம் எங்கே போகிறது? வீட்டில்தான் போகிறது. கொஞ்ச நேரம் படுத்தால் சரியாகும் என்று ஒரு மணி நேரம். பக்கத்து கிளினிக்கில் ஒரு ஊசி, ஒரு பாட்டில் குளுகோஸ் என்று ஒரு மணி நேரம். திருப்பூரில் இருக்கிற மகனுக்குப் போன் போட்டு, அவன் மாமனைக் கேட்டு, மாமன் வந்து பார்த்து முடிவு சொல்லும் வரை ஒரு மணி நேரம். மகனுக்குச் சொல்லுங்கள், வண்டியில் ஏறின பிறகு சொல்லுங்கள்.

108-க்குப் போன் செய்யுங்கள். 2008-லிருந்து தமிழ்நாட்டில் ஓடுகிற இந்த வண்டிக்குக் காசு கிடையாது. “மயக்கம்” என்று மட்டும் சொல்லாதீர்கள். “பக்கவாத அறிகுறி, வாய் கோணுது, கை வரலை, ஒன்பது மணிக்கு ஆரம்பிச்சுது” என்று சொல்லுங்கள். ஸ்கேன் எடுத்து உடனே சிகிச்சை செய்கிற ஆஸ்பத்திரிக்குத்தான் போக வேண்டும். தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம் மூன்று மாவட்டத்திலும் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது. உங்கள் ஊருக்கு எது பக்கம், இரவில் போனாலும் ஸ்கேன் எடுப்பார்களா என்பதை இப்போதே கிராம சுகாதார செவிலியரிடம் விசாரித்துக் குழு நோட்டில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். வாய் கோணின பிறகு விசாரிக்கிற விஷயம் இல்லை அது.

ஆஸ்பத்திரியில் முதலில் கேட்கப்போகிற கேள்வி, எப்போது ஆரம்பித்தது என்பதுதான். இங்கேதான் பலர் தவறாகச் சொல்லிவிடுகிறார்கள். காலையில் ஆறு மணிக்கு எழுப்பப் போனபோது கை வரவில்லை என்றால், ஆறு மணி என்று சொல்லக் கூடாது. ராத்திரி கடைசியாக நல்லபடி பேசியது எப்போது? பத்து மணிக்குப் பால் குடித்துவிட்டுப் பேசிக்கொண்டிருந்தார் என்றால் பத்து மணி. இரண்டையும் சொல்லுங்கள். டாக்டர் கணக்குப் போட்டுக்கொள்வார்.

வண்டி வரும்வரை செய்யக் கூடாதவைதான் அதிகம். வாயில் எதுவும் ஊற்றாதீர்கள். தண்ணி, சோடா, காபி எதுவுமே வேண்டாம். விழுங்குகிற நரம்பும் பாதித்திருக்கலாம், ஊற்றினது மூச்சுக்குழாய்க்குப் போய்விடும். மாத்திரையும் கூடாது. நெஞ்சு வலிக்கு ஆஸ்பிரின் கொடுப்பார்களே என்று இதற்கும் கொடுத்துவிடாதீர்கள். உடைப்பு எடுத்திருந்தால் அது மதகைத் திறந்துவிட்ட மாதிரி ஆகிவிடும். பிரஷர் மாத்திரையை நாக்குக்கு அடியில் வைப்பதும் வேண்டாம். வாந்தி வந்தால் ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். இடுப்பில், கழுத்தில் இறுக்கமாக இருப்பதைத் தளர்த்துங்கள். சாப்பிட்டு வரும் மாத்திரை அட்டைகள், பழைய சீட்டுகள், காப்பீட்டு அட்டை, ஆதார், இவற்றை ஒரு பையில் போட்டு எடுத்துக்கொள்ளுங்கள்.

வீட்டுக்கு வந்த பிறகு

உயிர் தப்பி வீட்டுக்கு வந்ததும் சொந்தக்காரர்கள் ஆப்பிளும் ஹார்லிக்ஸும் வாங்கிக்கொண்டு வந்து பார்ப்பார்கள். பத்து நாள் வருவார்கள். அதற்குப் பிறகுதான் நீண்ட நாட்கள். மனுஷர் திண்ணையிலோ உள் ரூமிலோ கட்டிலில் கிடப்பார். கவனிக்கிறவள் மனைவியோ மருமகளோ மகளோ, ஒரே ஒரு பெண். குழு செய்ய வேண்டிய வேலை இங்கேதான் இருக்கிறது என்பது என் கருத்து.

நம் மாநிலத்தில் இதற்கு ஒரு வழி போடப்பட்டிருக்கிறது. 2021 ஆகஸ்ட் 5-ந் தேதி கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டம் தொடங்கப்பட்டது. பிரஷர், சர்க்கரை மாத்திரைகளை வீட்டுக்கே கொண்டுபோய்க் கொடுப்பது, நடமாட முடியாதவர்களுக்கு வீட்டிலேயே பிசியோதெரபி, படுத்த படுக்கையாக இருப்பவர்களுக்குச் செவிலியர் கவனிப்பு என்பது ஏற்பாடு. 2024-ல் இதற்கு ஐக்கிய நாடுகள் சபை அமைப்பின் விருதும் கிடைத்தது. இதில் வீடு வீடாகப் போய் பிரஷர் பார்த்து மாத்திரை கொடுத்தவர்கள் யார்? டாக்டர் இல்லை, நர்ஸும் இல்லை. மகளிர் சுய உதவிக் குழுக்களிலிருந்து தேர்ந்தெடுக்கப்பட்ட பெண் சுகாதார தன்னார்வலர்கள். சங்கத்தில் சேமிப்புக் கணக்கு எழுதிக்கொண்டிருந்த கை பிரஷர் மிஷினைப் பிடித்தது. அதனால் நமக்கு இதெல்லாம் வருமா என்ற கேள்விக்கே இடமில்லை.

ஆனால் அந்தத் தன்னார்வலர் ஒருவருக்கு எத்தனையோ வீடுகள். ஒரு வீட்டில் நெடுநேரம் உட்கார அவருக்கு நேரம் இருக்காது. அதைக் குழு எடுத்துக்கொள்ளலாம். உங்கள் ஊரில் பக்கவாதம் வந்தவர்கள் யார் யார் என்று ஊராட்சி அளவிலான கூட்டமைப்பில் பட்டியல் எழுதுங்கள். எழுதும்போது ஊர்த் தெரு, காலனி என்று இரண்டு பட்டியல் வேண்டாம், ஒரே பட்டியல் போதும். ஒரு வீட்டுக்கு இரண்டு பேர், வாரம் ஒரு தடவை, ஒரு மணி நேரம். ஆண் நோயாளி வீட்டுக்கும் இரண்டு பேராகப் போனால் சங்கடம் இருக்காது.

அங்கே போய் என்ன செய்வது என்று சொல்வதற்கு முன்னால், என்ன செய்ய முடியாது என்பதையும் சொல்லிவிடுகிறேன். இந்தியாவில் 14 ஆஸ்பத்திரிகளில் 1,250 பக்கவாத நோயாளிகளை வைத்து ஒரு பெரிய ஆய்வு நடந்தது. குடும்பத்தாருக்கே உடற்பயிற்சி சொல்லிக் கொடுத்து வீட்டில் செய்ய வைத்தால் நோயாளி சீக்கிரம் தேறுவாரா என்று பார்த்தார்கள். முடிவு 2017-ல் லான்செட் மருத்துவ இதழில் வந்தது. ஆறு மாதம் கழித்துப் பார்த்தபோது, பயிற்சி கொடுத்த வீட்டுக்கும் கொடுக்காத வீட்டுக்கும் சாவிலும் பிறரைச் சார்ந்திருப்பதிலும் வித்தியாசம் தெரியவில்லை. இதைப் படித்து மனம் தளர வேண்டாம். கையைக் காலை நாமே நீட்டி மடக்கிவிட்டால் போதும், பிசியோதெரபிஸ்ட் வேண்டியதில்லை என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம் என்றுதான் நான் இதை எடுத்துக்கொள்கிறேன். “நாங்க வந்துட்டோம், மூணு மாசத்துல நடந்துடுவாரு” என்று எந்த வீட்டிலும் வாக்குக் கொடுக்காதீர்கள். பிசியோதெரபிஸ்டை அந்த வீட்டுக்கு வரவழைப்பதும், அவர் காட்டிக் கொடுத்ததை அவர் வராத நாட்களில் விடாமல் செய்ய வைப்பதும் நம் வேலை. முதல் மூன்று முதல் ஆறு மாதத்தில்தான் முன்னேற்றம் வேகமாக இருக்கும், ஆகவே அந்த மாதங்களை வீணாக்காமல் போய்ச் சேர வேண்டும். அதற்குப் பிறகும் மெதுவாக முன்னேற்றம் உண்டு.

போனவுடன் முதல் வேலை மாத்திரை அட்டையைப் பார்ப்பது. எத்தனை தீர்ந்திருக்க வேண்டும், எத்தனை தீர்ந்திருக்கிறது? பிரஷர் நார்மல் ஆகிவிட்டது என்று நிறுத்தியிருப்பார்கள். மாத்திரை சாப்பிடுவதால்தான் நார்மலாக இருக்கிறது, நிறுத்தினால் ஏறிவிடும். பக்கவாதம் ஒரு தடவை வந்தவருக்கு மறுபடி வர வாய்ப்பு அதிகம், இரண்டாவது தடவை வந்தால் பாதிப்பும் கூடுதலாக இருக்கும். அதைத் தடுப்பதில் மற்ற எல்லாவற்றையும்விட இந்த அட்டை எண்ணுகிற வேலைக்குத்தான் பலன் அதிகம் என்று சொல்வேன். பார்க்கச் சின்ன வேலையாகத்தான் தெரியும்.

படுக்கையில் இருப்பவரை இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் படுக்க வைக்க வேண்டும். முதுகு, இடுப்பு, குதிகால் சிவந்திருக்கிறதா என்று பாருங்கள். சிவப்பு மாறாமல் இருந்தால் புண் வரப்போகிறது என்று அர்த்தம், செவிலியருக்குச் சொல்லிவிடுங்கள். தூக்கி உட்கார வைக்கும்போது விழுந்த கையைப் பிடித்து இழுக்கவே கூடாது. தோள் மூட்டு நழுவி, ஆயுசுக்கும் வலிக்கும். முதுகுக்குப் பின்னால் கை கொடுத்துத் தூக்க வேண்டும். சட்டை போடும்போது முதலில் விழுந்த கை, கழற்றும்போது முதலில் நல்ல கை.

சாப்பாடு கொடுக்கும்போது நன்றாக நிமிர்ந்து உட்கார வைத்து, கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுக்க வேண்டும். படுத்தபடி கொடுக்கக் கூடாது. சிலருக்குத் தண்ணியை விடக் கெட்டிக் கஞ்சி எளிதாக இறங்கும். சாப்பிடும்போதெல்லாம் இருமினாலோ குரல் நீர் கோத்தது போல மாறினாலோ டாக்டரிடம் சொல்ல வேண்டும்.

வீட்டில் சின்னச் சின்ன மாற்றம் பெரிய உதவி. நம் வீடுகளில் நிலைப்படி உயரம், கொல்லைக்குப் போகிற வழி மேடு பள்ளம். கட்டிலிலிருந்து கொல்லை வரைக்கும் பிடித்து நடக்க ஒரு மூங்கில் கட்டிவிட்டால் அவர் மற்றவரைக் கூப்பிடாமல் போய் வருவார். கீழே உட்கார முடியாதவருக்கு நடுவில் ஓட்டை போட்ட பிளாஸ்டிக் நாற்காலி போதும். இதற்கெல்லாம் குழுவில் யாராவது வீட்டுக்காரர் கை வைத்தால் அரை நாள் வேலை.

பேச்சு போனவர்களைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். பேச வராது என்பதால் புத்தி போய்விட்டது என்று நினைத்து அவர் எதிரிலேயே, “இனி என்ன இருக்கு, போய்ச் சேர்ந்தா நல்லது” என்று பேசுகிறார்கள். அவருக்குப் புரிகிறது. பலருக்கு எல்லாமே புரிகிறது, வார்த்தை மட்டும் வராது. டி.வி.யை நிறுத்திவிட்டு, எதிரில் உட்கார்ந்து, முகத்தைப் பார்த்து, ஒரு நேரத்தில் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள். “பெரியப்பா, காபி வேணுமா?” என்று கேட்டுவிட்டுக் காத்திருங்கள். தலையாட்டட்டும், கையைக் காட்டட்டும். நாமே பதில் சொல்லி முடித்துவிடக் கூடாது. சொல்ல வராத சிலருக்குப் பழகின பாட்டு மட்டும் வாயில் வரும். வந்தால் கூடப் பாடுங்கள்.

மூன்றில் ஒருவருக்கு மனச்சோர்வு வருகிறது என்றும் மருத்துவர்கள் சொல்கிறார்கள். காரணமே இல்லாமல் அழுவது, சாப்பாட்டை ஒதுக்குவது, பயிற்சிக்கு ஒத்துழைக்காமல் சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுப்பது. வீம்பு என்று திட்டாதீர்கள், அதற்கும் மருந்து இருக்கிறது. ஆரம்ப சுகாதார நிலைய டாக்டரிடம் சொல்லுங்கள்.

கவனிக்கிறவளை யார் கவனிப்பது?

வாரம் ஒரு மணி நேரம் நாம் போய் உட்காரும்போது, அந்த மனைவியை வீட்டை விட்டு வெளியே அனுப்புங்கள். ஒரு மணி நேரமாவது போய்க் குளிக்கட்டும், கடைக்குப் போகட்டும், குழுக் கூட்டத்துக்கு வரட்டும். “நீங்க எப்படி இருக்கீங்க அண்ணி?” என்று அவளைக் கேட்டவர்கள் அந்த வீட்டில் யாரும் இருக்க மாட்டார்கள். ஆம்பளையைத் தினமும் தூக்கித் தூக்கி அவளுக்கு இடுப்பு போயிருக்கும். அவளுக்கும் பிரஷர் பாருங்கள்.

பக்கவாதம் வந்தது பெண்ணுக்கு என்றால் நிலைமை வேறு மாதிரி. புருஷன் சமைத்துக் கவனிக்கிற வீடு உண்டு, மறுக்கவில்லை. ஆனால் பல வீட்டில் பத்தாவதோ பன்னிரண்டாவதோ படிக்கிற மகளைத்தான் நிறுத்துகிறார்கள். “அம்மாவுக்கு யாரு இருக்கா?” என்பார்கள். அப்படி ஒரு வீடு பட்டியலில் இருந்தால் அதை முதலில் எழுதுங்கள். காலையில் ஒருவர், மத்தியானம் ஒருவர் என்று குழு முறை போட்டு அந்தப் பெண்ணைப் பள்ளிக்கூடம் அனுப்பப் பாருங்கள். கஷ்டம்தான், அறுவடை நேரத்தில் ரொம்பவே கஷ்டம். முடிந்த வரை செய்யலாம்.

பண விஷயமும் இருக்கிறது. சங்கக் கடன் வேறு, கந்துவட்டி வேறு. அந்தக் குடும்பம் வெளியில் வட்டிக்கு வாங்குவதற்கு முன்னால் குழுவின் உள் கடன் அவசரத் தேவைக்குக் கிடைக்க வேண்டும். அதற்குக் கூட்டம் கூடும் தேதி வரை காத்திருக்க வேண்டாம் என்று முன்கூட்டியே தீர்மானம் போட்டு வைக்கலாம். முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டு அட்டை இல்லாத உறுப்பினர் யாராவது இருந்தால் நோய் வருவதற்கு முன்னால் வாங்கிவிட வேண்டும். கை கால் பாதிப்பு நிரந்தரமாகிவிட்டால் மாற்றுத்திறனாளி அடையாள அட்டைக்கு விண்ணப்பிக்கலாம். 40 சதவீதமும் அதற்கு மேலும் பாதிப்பு என்று டாக்டர் சான்று தந்தால்தான் பல உதவிகளுக்குத் தகுதி. இதற்கு மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தை அணுக வேண்டும். “வயசான வாதக்காரருக்கெல்லாம் இது கிடையாது” என்று சொல்லி யாராவது திருப்பி அனுப்பினால் நம்பிவிடாமல் மனுவை எழுதிக் கொடுத்து ரசீது வாங்குங்கள்.

நம்ம பிரஷர் என்ன?

இந்தக் கட்டுரையைப் படிக்கிறவர்களில் எத்தனை பேர் இந்த வருஷம் பிரஷர் பார்த்தீர்கள்? தலை வலித்தால்தான் பிரஷர் என்று ஒரு நம்பிக்கை இருக்கிறது. பெரும்பாலும் பிரஷருக்கு ஒரு அறிகுறியும் இருக்காது, அதுதான் அதன் கெட்ட குணம். இந்தியா உட்பட 32 நாடுகளில் நடந்து 2016-ல் வெளியான ஒரு பெரிய ஆய்வு, பக்கவாதத்தில் 90 சதவீதத்துக்கு நம்மால் மாற்றக்கூடிய பத்துக் காரணங்கள்தான் பின்னால் இருக்கின்றன என்று சொன்னது. அதில் முதல் இடம் பிரஷருக்கு. வெவ்வேறு நாளில் பார்த்தும் 140-க்கு 90 அல்லது அதற்கு மேல் இருந்தால் டாக்டரைப் பார்க்க வேண்டும். கர்ப்ப காலத்தில் பிரஷர் இருந்தவர்கள் பிள்ளை பிறந்ததும் எல்லாம் முடிந்தது என்று விட்டுவிடக் கூடாது. பிரசவத்துக்குப் பிறகு சில வாரங்களுக்கும் அந்த ஆபத்து இருக்கிறது.

உப்பு ஒரு நாளைக்கு 5 கிராமுக்குக் கீழே என்கிறது உலக சுகாதார நிறுவனம். தலை தட்டின ஒரு டீஸ்பூன், அவ்வளவுதான். நாம் குழம்பில் போடுவதை மட்டும் கணக்குப் பார்க்கிறோம். பழைய சோறும் மோர் மிளகாயும், நார்த்தங்காய் ஊறுகாய், கருவாடு, அப்பளம், வடாம், எல்லாவற்றிலும் இருப்பது உப்புதான். எல்லாவற்றையும் விடச் சொன்னால் நடக்காது என்று எனக்குத் தெரியும். ஒரு வேளைக்கு ஒன்று என்று வைத்துக்கொள்ளலாம். வெற்றிலையோடு போடுகிற புகையிலை வேறு. நடவு வேலையில் பசியும் அலுப்பும் தெரியாமல் இருக்கப் போடுகிறோம் என்பார்கள். அதை அரை மனதாகக் குறைக்கிறேன் என்பதை விட முழுக்க விட்டுவிடுவதுதான் நல்லது. விரத நாளில் மாத்திரையையும் சேர்த்து நிறுத்துகிற பழக்கம் பலரிடம் இருக்கிறது. வெள்ளிக்கிழமையோ அமாவாசையோ, சாமிக்கு விரதம் இருக்கிறவர்கள் பிரஷர் மாத்திரையை நிறுத்த வேண்டியதில்லை. சர்க்கரை மாத்திரை சாப்பிடுகிறவர்கள் மட்டும் விரதத்துக்கு முன்னால் டாக்டரைக் கேட்டுக்கொள்ளுங்கள், வெறும் வயிற்றில் சிலருக்குச் சர்க்கரை ரொம்பக் குறைந்துவிடும்.

அக்டோபர் 29 உலக பக்கவாத நாள். நம்ம பக்கம் அது மழை நேரம், சம்பா வேலையும் இருக்கும். அன்றைக்குப் பேனர் கட்டிக் கூட்டம் போட்டால் நாற்காலிதான் உட்கார்ந்திருக்கும். அதனால் தனிக் கூட்டம் வேண்டாம். அடுத்த குழுக் கூட்டத்தில் வருகைப் பதிவும் சேமிப்பும் முடிந்ததும் பத்து நிமிஷம் ஒதுக்குங்கள். இரண்டிரண்டு பேராக எதிரெதிரே உட்கார்ந்து சிரி, தூக்கு, சொல்லு மூன்றையும் ஒருவருக்கொருவர் செய்து பாருங்கள். சிரிப்பாகத்தான் இருக்கும், பரவாயில்லை. பிறகு தீர்மான நோட்டின் கடைசிப் பக்கத்தில் கோடு போட்டு உறுப்பினர் பேர், பிரஷர் பார்த்த தேதி, அளவு என்று மூன்று கட்டம் போடுங்கள். துணை சுகாதார நிலையத்தில் செவிலியர் எந்தக் கிழமை இருப்பார் என்று கேட்டு, ஐந்து ஐந்து பேராகப் போய் வாருங்கள். கட்டம் காலியாக இருக்கிற உறுப்பினரிடம் ஊக்குநர் அடுத்த கூட்டத்தில் கேட்க வேண்டும். தவணை பாக்கி கேட்பது போலவே கேட்கலாம்.